மாதர் இசைச் சங்கமும் இசைக் கல்வியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரங்களுள் பத்து, தோழியரைத் துயிலெழுப்பி உடனழைப்பன. மாதர் கூடிப் பாடும் வழக்கம் நமக்குப் புதிதன்று என்பதை இவற்றால் அறிகிறோம்.

அமெரிக்காவில் 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியில் மாதர் இசைச் சங்கங்கள் பல ஒருங்கு கூடின. அதன் பயனாய் 1898இல் அவற்றின் கூட்டுச் சங்கம் தோன்றியது.

நம் நாட்டு மாதருக்கோ பாடுதற்கு இடமே அரிதாயிருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் சமாதியில் ஆலயம் எழுப்பினார். குடமுழுக்கும் நடந்தது. எனினும் ஆராதனை நடத்திய இரு கட்சியாரும் மாதரைப் பாட விடவில்லை. அவ்வம்மையார் மனந்தளராது, 1927இல் மாதர் குழுவொன்றைக் கூட்டிச் சமாதியின் பின்புறத்தே பாடச் செய்தார். கட்சிகள் ஒன்றுபட்டபின், 1941 முதல் மாதரும் யாவரோடும் பாடலாயினர். கொடையால் கிடையாத உரிமை கூட்டுறவால் கிடைத்தது.

இஃது இராஜபாளையத்தார்க்கும் ஸ்ரீவில்லிபுத்தூரார்க்கும் ஏற்ற பாடமன்றோ? கற்ற மாதர் வாரம் ஒருநாள் கூடிக் கல்லாத சிறுமியர்க்குக் கற்பிப்பாராயின், ஆசிரியருக்குச் சம்பளம் தர இயலாத இல்லங்களிலும் இசை ஒலிக்கும். நம் மாணவியர் இதனைச் சிந்திப்பார்களாக.