பூனைக்கு விமானப் பெட்டி: முதலில் அளவு நாடாவை எடுங்கள்

போன வருடம் ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு, விமான நிலையச் சரக்குப் பிரிவு வாசலில் எதிர் வீட்டு அக்கா பூனைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். லண்டனில் வேலை கிடைத்த மகளோடு பூனை மிளகும் போகவேண்டும். மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகச் சான்றிதழ் என்று எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது. அலுவலர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். மிளகு எழுந்து நின்றது. காது இரண்டும் கூரையில் முட்டி மடங்கின. அவ்வளவுதான், அன்று மிளகு ஏறவில்லை.

“கடையில கேட் பாக்ஸ்னு கேட்டுத்தானேம்மா வாங்கினேன்” என்றார் அக்கா. அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கடையில் பூனைப் பெட்டி என்று கொடுப்பது டாக்டரிடம் தூக்கிப்போய் வர மட்டுமே. பிரிட்டனுக்குள் விமானத்தில் வரும் பூனையைப் பயணியின் மடியிலோ லக்கேஜிலோ விடமாட்டார்கள், சரக்காகத்தான் வரவேண்டும். அந்தப் பெட்டிக்கு ஐயாட்டா என்ற விமான நிறுவனங்களின் சங்கம் தனி விதி வைத்திருக்கிறது. ‘ஐயாட்டா அப்ரூவ்டு’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஐயாட்டா எந்தக் கம்பெனிப் பெட்டிக்கும் ஒப்புதல் முத்திரை கொடுப்பதில்லை. உங்கள் பூனைக்கு அந்தப் பெட்டி பொருந்துகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. அதற்குப் பூனையை அளக்கவேண்டும்.

நான்கு அளவு. மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம். வால் கணக்கில் இல்லை. தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை, அதாவது நம் முழங்கை மாதிரி மடங்கும் இடம் வரை. உடம்பின் மிக அகலமான இடம். வீட்டுப் பூனைக்கு அது தோள் இல்லை, பெரும்பாலும் வயிறு. கடைசியாக, நின்றபடி தரையிலிருந்து காது நுனி வரை உயரம். முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் பெட்டியின் நீளம். மூன்றாவதை இரண்டால் பெருக்கினால் அகலம். நான்காவதோடு உள்ளே விரிக்கும் துணியின் கனத்தைக் கூட்டினால் உயரம்.

சொல்ல எளிது. நாடாவைப் பார்த்ததும் பூனை அதை விளையாட்டுச் சாமானாக்கிவிடும், அல்லது குழைந்து தரையோடு படுத்துவிடும். படுத்த பூனையை அளந்து பெட்டி வாங்கியவர்கள்தான் சரக்குப் பிரிவில் அழுகிறார்கள். நான் செய்வது இது: சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன், பசியோடு இருக்கும்போது, பூனையைச் சுவர் ஓரமாக நிறுத்துவேன். ஒருவர் கருவாட்டுத் துண்டை அதன் மூக்குக்கு நேரே பிடிக்கவேண்டும். கீழே வைத்தால் தலை குனியும், உயரம் குறையும். மேலே தூக்கினால் பின்னங்காலில் எழும்பிவிடும். காது விறைத்து நிற்கும் அந்த இரண்டு நொடியில் இன்னொருவர் சுவரில் பென்சிலால் காது நுனிக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒன்று, வால் அடிக்கு ஒன்று போடவேண்டும். பூனை போனபிறகு சாவகாசமாகச் சுவரை அளக்கலாம். நாடாவை முதுகு வளைவோடு ஓட்டி அளக்காதீர்கள். நேர்கோட்டு நீளம்தான் வேண்டும். மூன்று நாள் அளந்து, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

மிளகு ஒன்றும் பெரிய பூனை இல்லை, நான்கு கிலோதான். நீளம் 46 செ.மீ., முட்டி வரை 16, அகலம் 16, காது வரை 36. கணக்குப் போட்டால் பெட்டி 54 நீளம், 32 அகலம், துணியோடு 39 உயரம் இருக்கவேண்டும். அக்கா வாங்கியது 48 செ.மீ. நீளப் பெட்டி. பதறிப்போய் அடுத்து வாங்கப் பார்த்த 21 அங்குலப் பெட்டியும் 53 செ.மீ.தான் வருகிறது, அதுவும் வெளி அளவு. பெட்டி மேல் எழுதியிருப்பது பெரும்பாலும் வெளி அளவுதான். சுவர் சரிவும் கூரை வளைவும் உள்ளே இடத்தைத் தின்றுவிடும். ஆகவே கடைக்கு நாடாவோடு போய் உள்ளே கைவிட்டு அளந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

பெர்ஷியன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு படி உண்டு. சப்பை மூக்குப் பூனைகளுக்கு, கணக்கில் வரும் அளவைவிடப் பத்து சதவீதம் பெரிய பெட்டி வேண்டும் என்பது விதி. சில விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்றுவதே இல்லை. அதைக் கேட்டுக்கொண்டபின் பெட்டிக்குப் பணம் கட்டுங்கள்.

அதற்காக இருப்பதிலேயே பெரிய பெட்டியாக வாங்கிவிடாதீர்கள். சரக்குக் கட்டணம் பூனையின் எடைக்கு அல்ல, பெட்டி அடைக்கும் இடத்துக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். 61-க்கு 46-க்கு 46 பெட்டி என்றால் 21.5 கிலோவுக்குக் காசு. 71-க்கு 52-க்கு 55 என்றால் கிட்டத்தட்ட 34 கிலோ. உள்ளே இருப்பதோ அதே நான்கு கிலோ மிளகு. பெட்டி ஆடும்போது பெரிய இடத்தில் பூனை உருளும் என்பது அதைவிடப் பெரிய கவலை. கணக்குக்கு மேல் ஒரு சைஸ், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு பூனை என்றால் இரண்டு பெட்டி. அவை எவ்வளவு ஒற்றுமையாக இருந்தாலும் சரி.

இனி உறுதி. துணிப்பை, மடக்குப் பெட்டி, கம்பிக்கூண்டு மூன்றும் கூடாது. கூரையில் கதவு வைத்த பெட்டியையும் நான் தொடமாட்டேன். கெட்டியான பிளாஸ்டிக், மேல் பாதியும் கீழ் பாதியும் உலோக போல்ட்டால் இணைந்தது. பக்கவாட்டில் சட்டென்று மாட்டும் கிளிப் மட்டும் இருந்தால் தள்ளிவிடுங்கள். பெட்டி கை தவறி விழும்போது முதலில் தெறிப்பது அதுதான். பிளாஸ்டிக் நட் கொடுத்திருந்தால் அதை எறிந்துவிட்டு ஹார்டுவேர் கடையில் இரும்பு போல்ட், நட், வாஷர் வாங்கி எல்லாத் துளையிலும் முடுக்குங்கள். ஒரு துளைகூடக் காலியாக இருக்கக் கூடாது.

கதவு உலோகக் கம்பிதான். கதவை மூடியபின் மேலேயும் கீழேயும் ஊசிக்கம்பிகள் சட்டத்தைத் தாண்டி உள்ளே போயிருக்கவேண்டும், விதி 1.6 செ.மீ. கேட்கிறது. கட்டைவிரலால் நான்கு மூலையையும் அழுத்துங்கள். எந்த மூலை வளைந்து இடைவெளி காட்டுகிறதோ, அதன் வழியாகத்தான் பூனை வெளியே வரும். காற்றுத் துளை நான்கு பக்கமும் வேண்டும். இங்கே விற்கும் பல பெட்டிகளுக்கு முதுகுப்பக்கம் மூடியிருக்கும், திருப்பிப் பாருங்கள். சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். மொட்டை மாடியில் கிடந்த பழைய பெட்டியை யாராவது அன்பாகக் கொடுத்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வெயில் தின்ற பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி நொறுங்கும். எல்லாம் சரி என்று தோன்றியபின், ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே போட்டுக் கதவைப் பூட்டி, பெட்டியைக் குலுக்கி, பக்கவாட்டில் சாய்த்து, தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். கதவு பிடித்துக்கொண்டால் வாங்கலாம்.

பெட்டியை எப்போது வாங்குவது? தடுப்பூசி போடும் வாரமே. இந்தியாவிலிருந்து பிரிட்டன் போகும் பூனைக்கு, தடுப்பூசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுக்கவேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்கவேண்டும். அந்த நான்கு மாதமும் பெட்டி கூடத்தில் கிடக்கட்டும். முதலில் கதவைக் கழற்றிவிட்டு உள்ளே சாப்பாடு வையுங்கள். அதுவே போய்த் தூங்க ஆரம்பித்தபின் கதவை மாட்டுங்கள். குட்டியாக இருந்தால் அந்த நான்கு மாதத்தில் வளர்ந்துவிடும். பயணத்துக்கு ஒரு மாதம் முன் சுவரில் மறுபடி ஒரு கோடு போட்டுப் பாருங்கள்.

மயக்க மருந்து கேட்டு டாக்டரிடம் நிற்கவே வேண்டாம். ரத்த அழுத்தமும் மூச்சும் குறைந்த பூனையை அந்த உயரத்தில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

கிளம்பும் நாளில்: கீழே ஈரம் உறிஞ்சும் விரிப்பு, அதன்மேல் நீங்கள் உடுத்திய, துவைக்காத பருத்தித் துணி. வைக்கோல் வேண்டாம். தண்ணீர்க் கிண்ணம் கதவில் உள்பக்கம் மாட்டி, வெளியிலிருந்தே ஊற்றும்படி இருக்கவேண்டும். முந்தைய இரவே அதில் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்தால் ஏற்றி இறக்கும்போது சிந்தாது. ‘லைவ் அனிமல்ஸ்’ ஸ்டிக்கரும் மேல்நோக்கிய அம்புக்குறிகளும் ஒட்டுங்கள், எழுத்து 2.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

கதவின் நான்கு மூலையிலும் கேபிள் டை போடுவது நல்லது, ஆனால் வீட்டிலேயே போட்டு முடுக்கிவிடாதீர்கள். காலிப் பெட்டியை ஸ்கேன் செய்யப் பூனையை வெளியே எடுக்கச் சொல்வார்கள். அந்த நிமிடம்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். இரைச்சல் நிறைந்த கூடத்தில் பூனை கையை விட்டுத் துள்ளினால் பிடிக்க முடியாது. கதவு மூடிய சிறிய அறை ஒன்றைக் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள். தடிமனான துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்து எடுங்கள். திரும்ப உள்ளே விட்டு, ஊசிக்கம்பிகளை விரலால் தடவிப் பார்த்து, அதன்பின் டை போடுங்கள். வழியில் யாராவது வெட்டினால் மறுபடி கட்டுவதற்கு எட்டு டைகளைப் பெட்டியின் மேல் டேப்பால் ஒட்டிவையுங்கள். மிளகு இரண்டாம் முறை போனபோது அப்படித்தான் ஒட்டி அனுப்பினோம். லண்டனில் பெட்டியை வாங்கிய மகள் போனில் சொன்னாள், அதில் நான்கு குறைந்திருந்தது.