முந்நூறு கோடி யார் வீட்டுக்குப் போச்சு?

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கம் பஸ் ஏறிவிடாதீர்கள். நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். அரசு சிமெண்ட் ஆலை இருக்கிற, சுற்றிலும் பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊர். சினிமா போஸ்டர் காலங்காலமாக அச்சாகிற சிவகாசி கூப்பிடு தூரம்தான். 'வசூல் சாதனை' என்ற எழுத்து ஊர்ச் சுவருக்கு வருமுன்பே மை காயாமல் பார்த்துவிடுகிறவர்கள் இந்தப் பக்கத்துக்காரர்கள். ஆனாலும் ஒரு சூப்பர்ஹீரோ படம் வந்துவிட்டால், "முந்நூறு கோடி அடிச்சிருக்கு, படம் மொக்கைன்னு எவன் சொன்னது?" என்ற சண்டை இங்கேயும் தப்புவதில்லை. படம் நன்றாக இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. பணம் பார்த்ததா என்பது வேறு கேள்வி. யார் பணம் பார்த்தார்கள் என்பது மூன்றாவது. ரசிகர் சண்டையில் மூன்றுக்கும் ஒரே பதில்தான் ஓடுகிறது.

நம்பிக்கை: 300 கோடி வசூல் என்றால் தயாரிப்பாளருக்கு 300 கோடி.

அந்த எண் கிராஸ். நாம் டிக்கெட்டுக்குக் கொடுத்த மொத்தக் காசு. நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம்; தமிழ்நாட்டில் அதோடு உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் உண்டு. வரி போக மிஞ்சுவதைத் தியேட்டர்காரரும் விநியோகஸ்தரும் பிரித்துக்கொள்கிறார்கள். பெரிய நடிகர் படமென்றால் முதல் வாரம் விநியோகஸ்தர் பக்கம் தட்டு தாழும். வாரம் ஏற ஏற தியேட்டர் பக்கம் சாயும். இப்படி விநியோகஸ்தர் கைக்கு வருவதற்குப் பெயர்தான் ஷேர். கிராஸில் பாதி ஷேராகத் தேறினாலே பெரிய விஷயம். அதிலும் விளம்பரச் செலவு, டிஜிட்டல் திரையிடல் கட்டணம் எல்லாம் கழியும்.

அதற்கு அப்புறமும் ஒரு முடிச்சு இருக்கிறது. விருதுநகர் 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிவிட்டது. சினிமா வியாபாரத்துக்கு அது தெரியாது. ஆலங்குளமும் சிவகாசியும் அங்கே இன்னும் 'எம்.ஆர்.', அதாவது மதுரை–ராமநாதபுரம் ஏரியாதான். இந்த ஏரியாவை ஒருவர் எம்.ஜி.யில் (மினிமம் கேரண்டி) எடுத்தால், படம் வெளியாகுமுன்பே தயாரிப்பாளர் பெட்டிக்குப் பணம் போய்விடும். போட்ட பணம் திரும்பாவிட்டால் அடி வாங்குகிறவர் ஏரியா எடுத்தவர். வெளியூர்க் கடையில் ஒரு பட்டாசுப் பெட்டி என்ன விலைக்குப் போனது என்பதை வைத்து இங்கே ஆலை முதலாளிக்கு யாராவது லாபக் கணக்கு எழுதுவார்களா? அவர் ஏஜென்டிடம் என்ன விலைக்குத் தள்ளினார் என்றுதானே கேட்போம்.

அதனால்தான் ஒரே படம் ஒருவருக்கு லாபமும் இன்னொருவருக்கு நஷ்டமுமாக முடிகிறது. 2002இல் 'பாபா' கைகொடுக்காதபோது ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2014 டிசம்பரில் 'லிங்கா' வந்தது. அடுத்த மாதமே நஷ்ட ஈடு கேட்டு விநியோகஸ்தர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அந்தப் படத்துக்கும் வசூல் எண்கள் சின்னதாக ஒன்றும் சொல்லப்படவில்லை.

நம்பிக்கை: வசூல் பெரிசென்றால் லாபமும் பெரிசு.

செலவைச் சொல்லாமல் வரவை மட்டும் சொல்கிற கணக்கை மளிகைக் கடையில்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 2018 நவம்பரில் வந்த '2.0' படத்துக்கு 500 கோடிக்கு மேல் செலவு என்று பேசப்பட்டது. அந்தச் செலவில் 600 கோடி வசூல் வந்தால்கூடக் கையைக் கடிக்கும். மாறாக, 2025 ஆகஸ்ட்டில் வந்த மலையாளப் படம் 'லோகா: சாப்டர் 1 – சந்திரா' சுமார் 30 கோடியில் எடுக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள், உலக வசூலில் 300 கோடியைத் தாண்டியது. துணைக்கு 2024 பொங்கல் சமயத்துத் தெலுங்கு 'ஹனுமான்' இருக்கிறது. அதுவும் சின்ன பட்ஜெட், பெரிய வசூல்.

ஹாலிவுட்டிலும் கதை இதுதான். 2023 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வந்த 'தி மார்வெல்ஸ்' உலகம் முழுக்க 20 கோடி டாலருக்குச் சற்று மேல் வசூலித்தது. கேட்கப் பெரிய தொகை. எடுத்த செலவே 20 கோடி டாலருக்கு மேல். 2019இன் 'ஜோக்கர்' 7 கோடி டாலருக்குள் எடுக்கப்பட்டு 100 கோடி டாலரைத் தாண்டியது.

நம்பிக்கை: ரசிகர்கள் திட்டினால் படம் படுத்துவிடும்.

2019 ஏப்ரலில் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' தமிழில் வந்தபோது அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். மார்வெல் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். பழைய குரலே வேண்டும் என்று ஒரே ரகளை. படம் இந்தியாவில் வசூலை அள்ளியது. திட்டினவர்களும் டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் திட்டினார்கள்.

2024 இறுதியில் திரைப்படத் தயாரிப்பாளர்கள், படம் வெளியாகி மூன்று நாள்வரை விமர்சனமே கூடாது என்று கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், தடை கிடைத்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது. முதல் மூன்று நாள் கூட்டம் நடிகருக்கும் விளம்பரத்துக்கும் வருகிற கூட்டம். இந்தப் பகுதியில் வாரக்கூலி சனிக்கிழமை கைக்கு வரும். ஞாயிறு மாலைக் காட்சிக்குக் குடும்பத்தோடு கிளம்புவார்கள். அவர்கள் திங்கட்கிழமை வேலைத்தலத்தில் பட்டாசுக்கு மருந்து செலுத்திக்கொண்டே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை எந்த நீதிமன்றமும் நிறுத்த முடியாது. திங்கள் பகல் காட்சி எத்தனை சீட் நிரம்பியது என்பதுதான் விநியோகஸ்தருக்குத் தூக்கம் வருமா வராதா என்று முடிவு செய்கிறது.

நம்பிக்கை: சூப்பர்ஹீரோ நம்ம ஊருக்கு ஒத்துவராது.

மிஷ்கினின் 'முகமூடி' (2012) எதிர்பார்த்த அளவு போகாததிலிருந்து கோடம்பாக்கத்தில் இது வேதவாக்கு. 2019இல் 'ஹீரோ' வந்தபோதும் அதையே சொன்னார்கள். பிறகு 2023 ஜூலையில் மடோன் அஸ்வினின் 'மாவீரன்' ஓடியது. அதில் நாயகனுக்குக் கேப்பும் இல்லை, இரும்புக் கவசமும் இல்லை. தரமில்லாமல் கட்டிய அடுக்குமாடியில் குடியேற்றப்பட்ட ஒரு பயந்த ஆள். அவன் காதில் மட்டும் ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரல் யாருடையது? 'எண்ட்கேமில்' வாங்கிக் கட்டிக்கொண்ட அதே விஜய் சேதுபதி. 'லோகா' நாயகியாக எடுத்துக்கொண்ட யட்சி, கள்ளியங்காட்டு நீலியும் நாகர்கோவில் பக்கம் வில்லுப்பாட்டில் கேட்டுப் பழகியவள்தான். ஒத்துவராதது மேலே போட்ட உடுப்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

நம்பிக்கை: போஸ்டரில் போட்ட எண் அதிகாரபூர்வமானது.

தென்கொரியாவில் தியேட்டர் டிக்கெட் விற்பனையை ஒரே கணினி வலையில் இணைத்து அரசு அமைப்பே வெளியிடுகிறது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. தயாரிப்பாளர் சொல்வது ஒரு எண், வியாபாரக் கணக்குச் சொல்கிறவர்கள் சொல்வது இன்னொரு எண். அச்சகம் ஆர்டரில் எழுதியிருப்பதை அச்சடித்துக் கொடுக்கும். அது அதன் தொழில்.

நம்பிக்கை: ஓடியதுதான் நல்ல படம்.

2021 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்த 'மின்னல் முரளி'யைப் பாருங்கள். பேசில் ஜோசப் இயக்கியது. நேராக நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. தியேட்டர் வசூல் என்ற பேச்சுக்கே இடமில்லை. வில்லன் ஷிபுவாக நம் குரு சோமசுந்தரம். ஊரே பைத்தியம் என்று ஒதுக்கிய ஒருவன், பல வருஷம் மனசில் வைத்திருந்த பெண்ணிடம் பேசுகிற அந்தக் காட்சியில் அவர் முகம் போகிற போக்கைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. அந்தப் படம் ஹிட்டா, ஃபிளாப்பா?