கறி பிடிக்காத பிள்ளைகள்



"முஸ்லிம் வீட்டுப் பிள்ளை கறி சாப்பிடாதா?" என்று விருந்துகளில் கேலி செய்கிறோம். புதிதாக வந்த மருமகளும் இந்தப் பேச்சுக்குத் தப்புவதில்லை. மார்க்கம் என்ன சொல்கிறது?

ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் முன் சுட்ட உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டார்கள். இல்லை, தம் மக்களின் பகுதியில் அது இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள் நபியவர்கள். காலித் (ரலி) அதை எடுத்து உண்டார்கள், நபியவர்கள் தடுக்கவில்லை. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உள்ளது.

இதில் இரு தரப்புக்கும் பாடம் உண்டு. பிடிக்காதவரை வற்புறுத்தக் கூடாது. பிடிக்காதவரும் ஹலாலான உணவை இழிவாகப் பேசக் கூடாது.

ஆனால் உடலுக்குரிய ஹக்கை நிறைவேற்ற வேண்டும். பெரியவர்களுக்கு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 0.8 கிராம் புரதம் தினமும் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 40 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும். வேகவைக்காத பருப்பு 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் உண்டு. கொண்டைக்கடலையிலும் ஏறக்குறைய அதே அளவு. நிலக்கடலையில் சுமார் 25. சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். பி12 சத்து பருப்பில் இல்லை. அதற்குப் பால், தயிர், முட்டை, மீன் வேண்டும்.

கறி ஆக்கும் நாளில் அந்தப் பிள்ளைக்கு ஒரு முட்டையோ சுண்டலோ தனியாக எடுத்து வையுங்கள். வெறும் புளியாணச் சோற்றோடு எழுந்துபோக விடாதீர்கள்.