பொறிகளும் வகுத்தலும்

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கனுள் முதல் மூன்றும் எவ்வெண்ணுக்கும் இசைவன. வகுத்தல் மட்டும் பூச்சியத்திற்கு இசையாது. பன்னிரண்டைப் பூச்சியத்தால் வகுத்தால் ஈவு யாது? பூச்சியத்தோடு எவ்வெண்ணைப் பெருக்கினும் பன்னிரண்டு வாராது. ஆதலின் ஈவு இல்லை. ஏட்டில் கணக்கிடும் மனிதன் இவ்விடத்தில் எழுதுகோலைக் கீழே வைத்துவிடுவான். பொறி என்ன செய்யும்?

அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்னும் போர்க்கப்பலில், குறைந்த ஆட்களைக் கொண்டு அதனைச் செலுத்தும் நோக்குடன் கணிப்பொறிகள் பல பிணைக்கப்பட்டிருந்தன. 1997ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், வர்ஜீனியாக் கரைக்கு அப்பால் கப்பல் சென்றுகொண்டிருந்தபோது, தரவுத்தளத்தின் ஓரிடத்தில் பூச்சியம் ஒன்று பதியப்பட்டது. நிரல் அதனால் வகுக்க முயன்றது. பிழை ஒரு பொறியோடு நில்லாது ஏனைய பொறிகளையும் வீழ்த்த, கப்பலின் உந்துவிசை ஓய்ந்தது. ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அப்பெருங்கப்பல் கடலில் செயலற்றுக் கிடந்தது. பூச்சியத்தைப் பதித்த கையைக் குறை கூறுதல் எளிது. ஆயினும் பூச்சியம் வரக்கூடும் என்று எண்ணாத நிரலே பழிக்குரியது.

தொழிற்சாலைகளில் பொறிகளை இயக்கும் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் இவ்விடர் உண்டு. அக்கருவி உணரிகள் தரும் செய்தியைப் படித்து, நிரலின்படி கணக்கிட்டு, மோட்டார்க்கும் வால்வுக்கும் ஆணையிடும். இம்மூன்றையும் நொடிக்குப் பன்முறை இடையறாது செய்யும். புட்டிகளில் எண்ணெய் நிரப்பும் ஆலை ஒன்றைக் கொள்வோம். நிரப்பிய மொத்த எடையைப் புட்டிகளின் தொகையால் வகுத்துச் சராசரி காணுமாறும், சராசரி குறைந்தால் வால்வைக் கூடுதலாகத் திறக்குமாறும் நிரல் அமைந்துள்ளது. காலையில் வேலை தொடங்கும்போது ஒரு புட்டியும் நிரம்பவில்லை, தொகை பூச்சியம். முதற் சுற்றிலேயே தடை நேர்கிறது. சிலவகைக் கருவிகள் உடனே நின்றுவிடும். வேறு சில, பிழைக்குறி ஒன்றை எழுப்பிவிட்டுப் பொருந்தா எண்ணோடு வேலையைத் தொடரும். நின்ற பொறியை யாவரும் காண்பர். பொய்யெண்ணோடு ஓடும் பொறியை யார் காண்பர்?

ஆதலின் வகுக்கும் எண்ணை முதலில் நோக்கி, அது பூச்சியமாயின் வகுத்தலையே தவிர்க்குமாறு நிரல் எழுதுதல் வேண்டும். ஆனால் ஈவின் இடத்தில் எதனை வைப்பது? பலர் எண்ணாது பூச்சியத்தையே வைத்துவிடுவர். இவ்வாலையில் சராசரி பூச்சியம் என்றால், எண்ணெய் போதவில்லை என்று கருதி வால்வு அகலத் திறக்கும், எண்ணெய் வழிந்தோடும். முதற் புட்டி நிரம்பும்வரை வால்வை வழக்கமான அளவில் நிறுத்தி, சராசரி இன்னும் கிட்டவில்லை என்பதை விளக்கொன்றால் காட்டுதலே தக்கது. பதின்ம எண்களில் பூச்சியத்தை மட்டும் விலக்கினால் போதாது. 0.001 போன்ற சிற்றெண்ணால் வகுப்பின் ஈவு ஆயிரம் மடங்காகப் பெருகும். ஆகையால் வகுக்கும் எண்ணுக்குக் கீழெல்லை ஒன்றும் வகுத்தல் வேண்டும்.

முழுவெண்களில் வேறொரு பொறி உண்டு. அவ்வகை வகுத்தல் ஈவின் பின்னத்தைக் கைவிட்டுவிடும். 60 புட்டிகளில் 45 நிரம்பின எனின், 45ஐ 60ஆல் முதலில் வகுத்தால் பூச்சியமே கிட்டும். பின்னர் நூறால் பெருக்கியும் பயனில்லை. முதலில் பெருக்கி 4,500ஐ வகுத்தால் 75 விழுக்காடு என்னும் விடை வரும். ஆனால் குறியுடைய 16 பிட் இடம் 32,767க்கு மேல் தாங்காது. 500 புட்டிகளில் 400 நிரம்பியபோது பெருக்கற்பலன் 40,000 ஆகி அவ்வெல்லையைக் கடந்துவிடும். அத்தகைய பெருக்கலை 32 பிட் இடத்தில் செய்து, ஈவு கண்டபின் சிறிய இடத்திற்கு மாற்றுவர். பெரிய இடம் 214 கோடிவரை தாங்கும்.