தேதிக்கு முன் விற்றால் குற்றமா?

கேள்வி: அமெரிக்காவில் சேகரிப்பு அட்டைகளை வெளியீட்டுத் தேதிக்கு முன்பே மறுவிற்பனை செய்வது சட்டவிரோதமா?

பதில்: தேதியை மீறியது மட்டுமே குற்றமாகாது. அந்தத் தேதி நிறுவனமும் கடைக்காரரும் செய்துகொண்ட ஒப்பந்தம். அதில் சேராத வாடிக்கையாளரை அது பொதுவாகக் கட்டுப்படுத்தாது. பதிப்புரிமையைக் காட்டிப் புத்தகத்தில் விலையை அச்சிட்டாலும், மறுவிற்பனையை அப்படித் தடுக்க முடியாது என்று 1908-லேயே பாப்ஸ்-மெரில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘அப்படியானால் 2023-இல், மேஜிக் என்ற அட்டை விளையாட்டின் வெளிவராத அட்டைகளைக் காணொலியில் காட்டியவர் வீட்டுக்கு, அதை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் பிங்கர்ட்டன் ஆட்களை அனுப்பியதே?’ என்று கேட்கலாம். அவர்கள் தனியார் துப்பறிவாளர்கள். கதவைத் தட்டலாம், பறிமுதல் செய்யும் அதிகாரம் கிடையாது. ஆனால் கிடங்கில் திருடிய சரக்கென்றால் கதையே வேறு. திருடனுக்கு இல்லாத உரிமை, அவனிடம் நம்பி வாங்கியவருக்கும் வராது. தெரிந்தே வாங்கியிருந்தால் குற்ற வழக்கும் சேரும். கடைக்காரர் முந்தி விற்றிருந்தாலோ, நிறுவனம் அவருக்குச் சரக்கை நிறுத்தலாம்.