சில்லறைக் காசும் தாழ்ந்து கிடப்போரும்

எந்த வீட்டிலும் சில்லறைக் காசு கிடக்காத இடமில்லை. அடுக்களை அலமாரியில், சாமி விளக்குப் பக்கத்தில், சட்டைப் பையில், பிள்ளைகளின் பென்சில் டப்பாவில் என்று ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் சிதறிக் கிடக்கும். நோட்டைப் பத்திரமாக மடித்து வைக்கிற கை, காசை அலட்சியமாகப் போட்டுவிடுகிறது. "இதை வைத்து என்ன வாங்க முடியும்?" என்பதுதான் எல்லார் நினைப்பும்.

ஆனால் அன்புக்கொடி மக்களின் முன்னோர்கள் காசை அப்படி நினைத்தவர்கள் அல்லர். அன்றைய திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். அதாவது ஒரு ரூபாய்க்கு 448 காசு. அந்த ஒற்றைக் காசைச் சேர்க்கவே ஒரு குடும்பம் வெயிலில் வேகவேண்டியிருந்தது. சேர்த்ததும் அவர்களுக்கு நிற்கவில்லை. தலைக்கு வரி, பனை ஏறினால் வரி, பனை ஏறும் ஏணிக்கும் வரி. அதற்கு மேல் கூலியில்லா ஊழியம். பாடுபட்டவன் கையில் காசு தங்காத காலம் அது.

அந்த மக்கள் நடுவில்தான் அய்யா வைகுண்டர் எழுந்தருளினார். காசுள்ளவனை அவர் தம்மிடம் அழைக்கவில்லை. காசு பறிக்கப்பட்டவனை அழைத்தார். சாமிதோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒரே நீரில் குளிக்கவும் குடிக்கவும் செய்தார். ஒரே பந்தியில் உண்ண வைத்தார். தமக்குக் காணிக்கை வேண்டாம் என்றும் கற்பித்தார். ஏற்கெனவே பல பேருக்கு அளந்து கொடுத்து வெறுங்கையாக நின்ற மக்களிடம் அய்யா இன்னொரு கை நீட்டவில்லை. இதை அன்புக்கொடி மக்கள் ஒருநாளும் மறக்கலாகாது.

அப்படியானால் ஒரு கேள்வி எழும். அய்யா காணிக்கை கேட்கவில்லை என்றால், பக்தியோடு சேர்த்து வைக்கும் காசு எங்கே போகவேண்டும்? தாழ்ந்து கிடப்பவரைத் தாங்கித் தூக்குவதே தர்மம் என்பது அய்யாவின் போதனை. காசு போகவேண்டிய வழி அதுதான். இதை விளக்க ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம்.

குமரி மாவட்டத்தில் ஒரு நிழல் தாங்கல். அதன் பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பெண் அண்டி ஆபீசில் வேலை பார்க்கிறார். 2021-இல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று வந்தபிறகு, டிக்கெட்டுக்குக் கொடுத்துவந்த ஐந்து ரூபாயை அவர் செலவழிக்கவில்லை. வேலைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் ஓர் ஐந்து ரூபாய்க் காசை மண் உண்டியலில் போட்டார். உச்சிப்படிப்பு முடிந்து அன்னம் விளம்ப, தாங்கலுக்கு ஒரு பெரிய எவர்சில்வர் வாளி வாங்கிக் கொடுக்கவேண்டும், அதில் குடும்பத்தின் பெயரை வெட்டிக் கொடுக்கவேண்டும் என்பது ஆசை.

ஏறக்குறைய இருபது மாதம் சென்றது. உண்டியலை உடைத்தபோது 2,640 ரூபாய் இருந்தது. அதே வாரத்தில் அடுத்த தெருவில் தென்னை ஏறும் தொழிலாளி ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வைத்தியத்துக்குச் செலவில்லை, ஆனால் வீட்டில் அரிசி இல்லை. மனைவி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகத் தயாரானாள்.

காசை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு அந்தப் பெண் தாங்கலுக்கு வந்தார். பணிவிடை செய்யும் பெரியவர் விஷயத்தைக் கேட்டார்.

"மக்கா, வாளி இங்க ரெண்டு இருக்கு. விளம்பவும் ஆள் இருக்கு. அந்தப் பிள்ளைக்கு இண்ணைக்கு ஒண்ணும் இல்ல."

"அய்யாவுக்குண்ணு நேந்து போட்ட காசுல்லா தாத்தா. மாத்தினா தப்பில்லியா?"

"அய்யா உங்கிட்ட வாளி கேட்டாரா? பசிச்சவனுக்குக் குடுன்னுதானே சொன்னாரு. அங்க குடுத்தா இங்க குடுத்ததுதான்."

அந்தப் பெண் உடனே சம்மதிக்கவில்லை. அன்று இரவு முழுவதும் யோசித்தார். இருபது மாத ஆசையை விடுவது எளிதன்று. மறுநாள் காலையில் அரிசி, பயறு, எண்ணெய் வாங்கிக் கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்தார். மீதிப் பணத்தை அந்த மாணவியின் கையில் கொடுத்து, "நாளைக்குப் பள்ளிக்கூடம் போணும்" என்று மட்டும் சொல்லித் திரும்பினார். அவள் போனாள், தேர்வும் எழுதினாள். தொடக்க காலத்தில் நிழல் தாங்கல்களில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் கொடுக்கப்பட்டது. அந்த வகையில் பார்த்தால், அந்தக் காசு தாங்கலின் வேலையைத்தான் செய்தது.

தாங்கலுக்கு வாளியும் விளக்கெண்ணெயும் வாங்கிக் கொடுப்பது தவறு என்று இதற்குப் பொருளில்லை. அன்ன தர்மம் நடக்கப் பாத்திரம் வேண்டும், பணிவிடைக்குப் பொருள் வேண்டும். ஆனால் பசித்த வீடு பக்கத்தில் இருக்கும்போது முதலிடம் அந்த வீட்டுக்கு. பெயர் வெட்டுகிற ஆசை உள்ளே புகுந்தால், கொடுத்தது தர்மமா, பெருமையா என்று கொடுத்தவருக்கே தெரியாமல் போய்விடும். கலி நுழைவது இப்படிப்பட்ட சின்ன வாசல் வழியாகத்தான்.

சில்லறை சேர்க்க விரும்பும் குடும்பங்கள் கவனிக்கவேண்டியவை சில உண்டு.

முதலாவது, வீணாகும் காசைச் சேர்க்கவேண்டும். தேவையைச் சுருட்டிச் சேர்க்கக்கூடாது. பிள்ளையின் பாலைக் குறைத்துச் சேர்ப்பது தர்மமாகாது. வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தால் முதலில் சில்லறை அந்தக் கடனுக்கே போகட்டும். கடனில் கிடப்பவரும் தாழ்ந்து கிடப்பவர்தான். அவர் தம்மைத் தூக்கிக்கொள்வதும் தர்மமே.

இரண்டாவது, அளவு சிறிதாக இருக்கட்டும், நாள் தவறவேண்டாம். தினம் 2 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 730 ரூபாய். ஒரு தாங்கலைச் சேர்ந்த பத்து வீட்டார் இப்படிச் செய்தால் 7,300 ரூபாய். தினம் 5 ரூபாய் என்றால் ஒரு வீட்டிலேயே 1,825 ரூபாய். காசைப் போடும் வேலையைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் அவர்களுக்கும் பழகும்.

மூன்றாவது, திறக்கும் நாளை முன்கூட்டியே குறிக்கவேண்டும். அய்யாவின் அவதார தினமான மாசி 20, அல்லது கார்த்திகையில் நடக்கும் திரு ஏடு வாசிப்பின் நிறைவு நாள் பொருத்தமானது. வருடக்கணக்கில் அடைத்து வைத்தால் அது சேமிப்பல்ல, பூட்டி வைத்தல். இடையில் பக்கத்து வீட்டில் துன்பம் வந்தால் குறித்த நாளுக்குக் காத்திருக்கவும் வேண்டாம். வீட்டார் எல்லாரும் கூடி இருந்து எண்ணவேண்டும். யாருக்கு என்பதையும் கூடியே முடிவு செய்யவேண்டும்.

நான்காவது, காசு செல்லாது என்று யாரும் ஏமாறவேண்டாம். பத்து ரூபாய்க் காசு பல வடிவங்களில் இருந்தாலும் எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் அறிவித்திருக்கிறது. ஐம்பது பைசாவும் செல்லும். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும்தான் 2011-இல் நிறுத்தப்பட்டன. ஒரே வகைக் காசை நூறு நூறாகப் பையில் கட்டிக்கொண்டு போனால் வங்கியில் வாங்குவதற்கு எளிது. மாதம் 100 ரூபாய் சேருகிற வீட்டார் அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கி, பெண்பிள்ளையின் படிப்புக்கு வைக்கலாம்.

ஐந்தாவது, கொடுக்கும்போது வாங்குபவரின் தலை குனியக்கூடாது. சந்தியில் வைத்துக் கொடுக்கவேண்டாம், போட்டோ எடுக்கவேண்டாம். ஒரே பந்தியில் உட்கார வைத்த அய்யாவின் மக்கள், மேலே நின்று கொடுப்பவராகவும் கீழே நின்று வாங்குபவராகவும் பிரிந்துவிடக்கூடாது. இன்று கொடுத்தவர் வீட்டிலும் நாளை அடுப்பு அணையலாம்.

அந்த அண்டி ஆபீஸ் பெண் மறுவாரமே இன்னொரு மண் உண்டியல் வாங்கினார். எதற்கு என்று கேட்ட வீட்டாரிடம், "தெரியாது. யாருக்கு வேணுமோ அவங்களுக்கு" என்றார். தாங்கலில் ஞாயிற்றுக்கிழமை அன்னம் பழைய வாளியில்தான் விளம்பப்படுகிறது. அந்த மாணவியின் தகப்பனார் ஊன்றுகோலோடு வந்து பந்தியில் உட்காருகிறார்.

அன்புக்கொடி மக்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் காசு ஒரு மூலையில் கிடக்கிறது. அது தாழ்ந்து கிடப்பவரைத் தேடிப் போகும்படி செய்ய அய்யா துணை நிற்பாராக.

அய்யா உண்டு!