சுட்ட பிறகு வரும் அரைமணி நேரம்: ஓர் இளம் சிறுகதையாளருக்கு

அன்புள்ள தம்பி,

நீங்கள் அனுப்பிய மான் வேட்டைக் கதையை நேற்று இரவு படித்தேன். காலையில் மறுபடியும் படித்தேன். விஸ்கான்சினின் நவம்பர் குளிரில், 12 வயது மகளை ஓர் அப்பா முதல்முறையாக வேட்டைக்குக் கூட்டிப்போகிறார். நடை, உரையாடல், கட்டமைப்பு பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. என் எரிச்சலுக்கே நேராக வந்துவிடுகிறேன்.

“பித்தப்பையில கத்தி பட்டா கறி முழுக்கக் கசந்துடும், பாத்து” என்று அந்த அப்பா மகளை எச்சரிக்கிறார். வெண்வால் மானுக்குப் பித்தப்பையே கிடையாது, தம்பி. ஆட்டுக்கு உண்டு. நம் ஊர்க் கறிக்கடையில் பார்த்ததை அப்படியே அந்தக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். சிறுவயதிலிருந்து மான் அறுத்துப் பழகியவர் பயப்படுவது குடலுக்கும் மூத்திரப்பைக்கும்தான். கத்தியின் கூர் மேலே பார்த்திருக்க, இரண்டு விரல்களை அதன் இருபுறமும் கொடுத்துக் குடலைக் கீழே அழுத்தியபடியே வயிற்றுத் தோலைக் கீறிக்கொண்டு போவார். அந்த விரல்களை நீங்கள் பார்த்திருந்தால் அவருக்கு வசனமே தேவைப்பட்டிருக்காது.

அவர் பேசுவதும் மிக அதிகம். பரண்மேல் உட்கார்ந்துகொண்டு பிறப்பு, சாவு, இயற்கையின் சமநிலை என்று முக்கால் பக்கம். வெண்வால் மானின் காது எதற்கு இருக்கிறது? பரணில் அப்பாக்கள் மகளின் முழங்காலை லேசாகத் தொடுவார்கள், அவ்வளவுதான் பேச்சு. அந்த முக்கால் பக்கத்தை அடித்துவிடுங்கள்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. உங்கள் கதையில் வெடிச்சத்தம் கேட்கிறது, மான் சுருண்டு விழுகிறது, அடுத்த வரியில் மகள் அதன் பக்கத்தில் நிற்கிறாள். முதுகெலும்பில் பட்டால் மான் அப்படி விழும். நுரையீரலில் பட்ட மான் பெரும்பாலும் ஓடும். ஐம்பது கெஜமோ நூறு கெஜமோ ஓடி எங்கோ ஒரு புதருக்குள் விழும். சுட்டவர் கண்ணுக்கு அது தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் உடனே எழுந்து போகமாட்டார்கள், அரைமணி நேரமாவது உட்கார்ந்திருப்பார்கள். துரத்தினால் அடிபட்ட மான் மறுபடி எழுந்து வெகுதூரம் போய்விடும், கிடைக்காமலே செத்தும் போகும். ஒரு குழந்தை அந்த அரைமணி நேரத்தை எப்படிக் கடக்கிறது? உங்கள் கதை அங்கேதான் இருக்கிறது, அதைத்தான் தாண்டிக் குதித்துவிட்டீர்கள்.

எண்பதுகளின் கடைசியில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் தம் மகளின் முதல் வேட்டைக்கு என்னையும் அழைத்துப்போனார். ஆரஞ்சு நிற மேலாடை போட்டுக்கொண்டு, விழுந்து கிடந்த ஓர் ஓக் மரத்துக்குப் பின்னால் மூவரும் உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் .243 ரைஃபிள், உதை குறைவு என்பதால் பிள்ளைகளுக்கு அதைக் கொடுப்பார்கள். சுட்டாள். மான் ஓடிவிட்டது. அவர் “சபாஷ்” என்று சொல்லவில்லை. துப்பாக்கியை வாங்கிப் பூட்டிவிட்டு, ஃபிளாஸ்க்கிலிருந்து கோகோ ஊற்றிக் கொடுத்தார். அவள் குடிக்கவில்லை. “எங்கே பட்டது?” என்று கேட்டாள். “தெரியாது” என்றார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

நேரம் ஆனதும் அவளை முழங்காலிட வைத்து ஓக் சருகில் இருந்த இரத்தத்தைக் காட்டினார். வெளிர்சிவப்பாக, சிறு குமிழ்களோடு இருந்தது. நுரையீரல். கருத்து, பச்சைத் துணுக்குகளோடு இருந்திருந்தால் குடலில் பட்டிருக்கிறது என்று பொருள். வீட்டுக்குப் போய்விட்டுப் பல மணி நேரம் கழித்துத்தான் தேடத் தொடங்கியிருப்பார். ஒவ்வொரு சொட்டுக்கும் பக்கத்துக் குச்சியில் டாய்லெட் பேப்பரைக் கிழித்துக் குத்திக்கொண்டே அவள் முன்னால் போனாள். பெரியவர்கள் நாங்கள் பின்னால்.

அன்று விஸ்கான்சினில் 12 வயதுக்குக் கீழ் வேட்டைக்கு அனுமதி இல்லை. 2009-இல் பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருந்தால் 10 வயது போதும் என்றார்கள். 2017-இல் வயது வரம்பையே எடுத்துவிட்டார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. விசையை ஐந்து வயதுப் பிள்ளையும் அழுத்தும். “தெரியாது” என்ற பதிலோடு அரைமணி நேரம் உட்கார ஒரு வயது வேண்டும்.

உங்கள் கதையில் வரும் உண்ணிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் அநியாயக்காரன். உடல் ஆறத் தொடங்கியதும் மானின் மயிருக்குள்ளிருந்து உண்ணிகள் ஒவ்வொன்றாக வெளியே வருவதையும், அந்தப் பெண் கையுறையைக் கழற்றிவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். வேட்டை பற்றித் தமிழில் நான் படித்தவற்றில் இதற்கு ஈடான பத்தி இல்லை. நான் எழுதியவற்றிலும் இல்லை. மரணம் என்ற சொல் அங்கே ஒருமுறைகூட வரவில்லை. அதில் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள்.

கடைசிப் பக்கத்தில் அன்றிரவே குடும்பம் கூடி மான்கறி சாப்பிடுகிறது. உங்கள் கதை நடப்பது டேன் கவுண்டியில், இன்றைய காலத்தில். 2002-இல் அங்கே மவுண்ட் ஹோரெப் பக்கத்து மான்களில் மூளையை அழிக்கும் சி.டபிள்யூ.டி. நோய் இருப்பது தெரியவந்தது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் சுகாதாரத் துறை சொல்கிறது. பல குடும்பங்கள் மாதிரியைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியை ஃப்ரீசரில் வைத்திருக்கின்றன. விருந்தை எடுத்துவிடுங்கள். அந்த நாட்களில் தான் சுட்ட மான் பொட்டலங்களாகக் கிடக்கும் ஃப்ரீசரை அந்தப் பெண் திறந்து பார்ப்பாளா, மாட்டாளா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்